குளோரின் என்ற பெயர் எப்படி வந்தது? 36 ஆண்டுத் தவறைத் திருத்திய ஹம்ப்ரி டேவியின் கதை

குழாய்த் தண்ணீரில் சில நாள் மருந்து வாடை தூக்கலாக வரும். தண்ணீர்த் தொட்டி கழுவ வாங்கிய பிளீச்சிங் பவுடர் பையைப் பிரித்தால் மூக்கைத் துளைக்கும். இரண்டுக்கும் காரணம் குளோரின் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் குளோரின் என்ற அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்? அதை வைத்தது யார்?

அர்த்தம் ரொம்ப எளிது. கிரேக்க மொழியில் 'குளோரோஸ்' என்றால் வெளிர் பச்சை, மஞ்சள் கலந்த பச்சை. அந்த வாயுவின் நிறமும் அதுதான். நிறத்தைப் பார்த்தார்கள், பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான். வைத்தவர் இங்கிலாந்து வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி. ஆண்டு 1810.

ஆனால் அந்த வாயு கண்டுபிடிக்கப்பட்டதோ 1774ஆம் ஆண்டிலேயே. இடையில் 36 ஆண்டுகள் அதற்கு வேறு பெயர்கள் இருந்தன. அந்தப் பெயர்களுக்குள் ஒரு தவறும் ஒளிந்திருந்தது. ஐரோப்பாவின் பெரிய பெரிய வேதியியலாளர்களே அதை உண்மை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அதைத் திருத்தியவர் பல்கலைக்கழகத்தில் படிக்காத, ஒரு மரச்சிற்பியின் மகன்.

கடன் வைத்துவிட்டுப் போன அப்பா

டேவி பிறந்தது 1778 டிசம்பர் 17ஆம் தேதி. ஊர், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் பகுதியில் இருக்கும் பென்சான்ஸ். கடற்கரை ஊர். அப்பா ராபர்ட் மரத்தில் சிற்ப வேலை செய்பவர். ஐந்து பிள்ளைகளில் ஹம்ப்ரிதான் மூத்தவர். பள்ளியில் பெரிய கெட்டிக்காரர் என்றெல்லாம் பெயர் எடுக்கவில்லை. தூண்டில் போட்டு மீன் பிடிப்பதும், கூட்டாளிகளுக்குக் கதை சொல்வதும், கவிதை எழுதுவதும்தான் அவருக்குப் பிடித்தவை.

1794இல் அப்பா இறந்துபோனார். குடும்பத்துக்கு மிஞ்சியது கடன். அம்மா கிரேஸ், பெண்களுக்கான தொப்பி முதலியவை விற்கும் கடை நடத்திக் குடும்பத்தைத் தாங்கினார். அடுத்த ஆண்டே ஹம்ப்ரி, உள்ளூர் வைத்தியர் பிங்ஹாம் போர்லேஸிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அன்றைக்கு இப்படிப்பட்ட வைத்தியர்களே மருந்தையும் கலந்து கொடுப்பார்கள். புட்டிகளும் பொடிகளும் அமிலங்களும் பையன் கைக்கு வந்தது இப்படித்தான்.

1797 வாக்கில் பிரான்ஸ் வேதியியலாளர் லவாய்சியரின் நூல் அவருக்குக் கிடைத்தது. நவீன வேதியியலுக்கு அடித்தளம் போட்ட நூல் அது. டேவி தானாகவே உட்கார்ந்து படித்தார். கையில் கிடைத்த சாமான்களை வைத்துச் சோதனைகளும் செய்து பார்த்தார். அதில் படித்ததை அப்படியே நம்பாமல் எதிர்க்கேள்வி கேட்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது. பின்னாளில் குளோரின் விஷயத்தில் அவர் மோத வேண்டியிருந்ததும் இதே லவாய்சியரின் கொள்கையோடுதான்.

தன் உடம்பிலேயே சோதனை

1798 அக்டோபரில் டேவிக்கு பிரிஸ்டல் நகரில் வேலை கிடைத்தது. தாமஸ் பெடோஸ் என்ற மருத்துவர், வாயுக்களைச் சுவாசிக்க வைத்து நோய்களைக் குணப்படுத்த முடியுமா என்று ஆராய ஒரு நிலையம் தொடங்கிக்கொண்டிருந்தார். அங்கே சோதனைகளைக் கவனிக்கும் பொறுப்பு 19 வயது டேவிக்கு.

வாயுவை யாருக்குக் கொடுத்துப் பார்ப்பது? டேவி முதலில் தானே சுவாசித்துப் பார்த்தார். நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவை இழுத்தபோது உடம்பெல்லாம் மிதப்பது போல இருந்தது, சிரிப்பு வந்தது. 'சிரிப்பு வாயு' என்று அது பிரபலமானது அவரால்தான். கவிஞர் கோல்ரிட்ஜ் போன்ற நண்பர்களும் வந்து இழுத்துப் பார்த்தார்கள். கார்பன் மோனாக்சைடு கலந்த இன்னொரு வாயுவைச் சுவாசித்தபோது உயிர் போகிற நிலைக்கே போய்த் திரும்பினார்.

1800இல் வெளியிட்ட நூலில், சிரிப்பு வாயு வலியைக் குறைக்கிறது, எனவே அறுவை சிகிச்சையில் பயன்படலாம் என்று குறிப்பிட்டிருந்தார். அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. நோயாளியைக் கட்டிப்போட்டுத்தான் அறுப்பார்கள். ஆனால் அந்த வரியை யாரும் கண்டுகொள்ளவில்லை. டேவியும் அதற்கு மேல் தொடரவில்லை. அமெரிக்கப் பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ் அந்த வாயுவைப் பல் பிடுங்கப் பயன்படுத்தியபோது 1844 ஆகிவிட்டது.

லண்டனின் நட்சத்திரம்

1801இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் டேவியை அழைத்தது. மறு ஆண்டே வேதியியல் பேராசிரியர் பதவி. வயது 23. மேடையில் தீப்பொறியும் புகையுமாகச் சோதனைகளைச் செய்து காட்டிக்கொண்டே அவர் பேசுவதைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது. வேதியியல் உரை கேட்கப் பெண்களும் திரளாக வந்தார்கள். வாசலில் குதிரை வண்டிகள் நெருக்கியடித்ததால் ஆல்பிமார்ல் தெருவை லண்டனின் முதல் ஒருவழிப் பாதையாக மாற்ற வேண்டி வந்தது என்று சொல்வதுண்டு.

அந்தச் சமயத்தில் இத்தாலிய விஞ்ஞானி வோல்டாவின் மின்கலம் புத்தம் புதுசு. மின்சாரத்தைச் செலுத்திப் பொருள்களைப் பிரிக்க முடியும் என்று டேவி புரிந்துகொண்டார். 1807 அக்டோபரில் உருக்கிய பொட்டாஷில் மின்சாரத்தைப் பாய்ச்சினார். வெள்ளி போலப் பளபளக்கும் சின்னச் சின்ன உருண்டைகள் வந்து, பட் பட்டென்று தீப்பிடித்தன. அதுதான் பொட்டாசியம். அவர் அறைக்குள் துள்ளிக் குதித்தாராம். உதவிக்கு இருந்த உறவினர் எட்மண்ட் டேவி சொன்ன தகவல் இது. சில நாளிலேயே சோடியம். அடுத்த ஆண்டு கால்சியம், பேரியம், ஸ்ட்ரான்சியம், மெக்னீசியம்.

பிரான்சும் இங்கிலாந்தும் போரில் இருந்த காலம் அது. இருந்தும் நெப்போலியன் ஏற்படுத்திய மின்னியல் பரிசை பிரெஞ்சுக் கழகம் டேவிக்கே அறிவித்தது.

இந்தச் சோதனைகளில் இன்னொரு முக்கியமான விஷயமும் வெளிப்பட்டது. பொட்டாஷ் என்பது காரம், அதாவது அமிலத்துக்கு நேர் எதிர். அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஆக்சிஜன் இருந்தது. இதிலென்ன ஆச்சரியம் என்று கேட்கிறீர்களா? அதற்கு லவாய்சியர் ஆக்சிஜனுக்கு வைத்த பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயருக்குள் ஒளிந்திருந்த தவறு

கந்தகத்தை எரித்து வரும் வாயுவைத் தண்ணீரில் கரைத்தால் அமிலம் கிடைக்கும். பாஸ்பரஸை எரித்தாலும் அப்படியே. எரிவது என்றால் ஆக்சிஜனோடு சேர்வது. எனவே எல்லா அமிலங்களுக்கும் ஆக்சிஜன்தான் காரணம் என்று லவாய்சியர் முடிவுக்கு வந்தார். 'ஆக்சிஜன்' என்ற பெயருக்கு அர்த்தமே 'அமிலத்தை உண்டாக்குவது' என்பதுதான். அதுவும் கிரேக்கத்திலிருந்து உருவாக்கிய சொல்தான்.

இப்போது குளோரினுக்கு வருவோம். அதை முதலில் தயாரித்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த மருந்தாளுநர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. 1774இல் மாங்கனீசு தாதுவோடு 'மியூரியாட்டிக் அமிலத்தை'ச் சேர்த்துச் சூடாக்கினார். உப்பிலிருந்து எடுப்பதால் அந்த அமிலத்துக்கு அந்தப் பெயர். லத்தீனில் 'மியூரியா' என்றால் உப்புநீர். இன்றைக்கு அதை ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்கிறோம். மூச்சை அடைக்கும் நெடியோடு மஞ்சள் பச்சை வாயு ஒன்று கிளம்பியது. பூக்களின் நிறத்தையும் பச்சை இலையின் நிறத்தையும் அது வெளுக்க வைத்ததை ஷீலே குறித்துவைத்தார்.

எரியும் பொருளில் 'ஃபுளோஜிஸ்டன்' என்ற ஒன்று இருக்கிறது, எரியும்போது அது வெளியேறுகிறது என்பது அன்றைய நம்பிக்கை. அதனால் தன் வாயுவை 'ஃபுளோஜிஸ்டன் நீங்கிய மியூரியாட்டிக் அமிலம்' என்று ஷீலே அழைத்தார். கொஞ்ச காலத்தில் லவாய்சியர் ஃபுளோஜிஸ்டன் என்று ஒன்று கிடையாது என்று நிறுவினார். முதல் பெயர் செத்துப்போனது.

அடுத்து வந்தவர் பிரான்சின் பெர்தொலே. 1785இல் அந்த வாயுவைத் தண்ணீரில் கரைத்து வெயிலில் வைத்தார். ஆக்சிஜன் குமிழ்கள் வந்தன, மியூரியாட்டிக் அமிலம் மிஞ்சியது. அப்படின்னா, இந்த வாயு மியூரியாட்டிக் அமிலமும் ஆக்சிஜனும் சேர்ந்த கூட்டுப்பொருள் என்று கணக்குப் போட்டார். லவாய்சியரின் கொள்கைக்கும் அது கச்சிதமாகப் பொருந்தியது. 'ஆக்சிமியூரியாட்டிக் அமிலம்' என்ற பெயர் வந்தது. அதாவது, ஆக்சிஜன் கூடுதலாகச் சேர்ந்த மியூரியாட்டிக் அமிலம்.

பெயர் கேட்க நன்றாகத்தான் இருந்தது. பெர்தொலே அந்த வாயுவைத் துணி வெளுக்கவும் பயன்படுத்திக் காட்டினார். மாதக்கணக்கில் புல்வெளியில் விரித்துப் போட்டு வெயிலில் வெளுக்க வேண்டிய துணி கொஞ்ச நேரத்தில் வெளுத்தது. 1799இல் கிளாஸ்கோவின் சார்லஸ் டென்னன்ட் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை பெற்றார். இப்படித் தொழிற்சாலை வரைக்கும் வந்துவிட்ட ஒரு பொருளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

இல்லாத ஆக்சிஜனைத் தேடி

டேவியும் ஆரம்பத்தில் மற்றவர்கள் போலத்தான் நம்பினார். அதில் ஆக்சிஜன் இருக்கிறது என்றால் அதைப் பிரித்து எடுக்க வேண்டியதுதானே? பொட்டாஷையே உடைத்தவருக்கு இது பெரிய விஷயமா?

முதலில் கரி. சூடான கரி கிடைத்த ஆக்சிஜனை எல்லாம் பிடுங்கிக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாக மாறிவிடும். அந்தப் பச்சை வாயுவுக்குள் கரியை வைத்து, மின்கல அடுக்கின் உதவியால் வெண்ணிறமாகக் கனலும் வரை சூடேற்றினார். வாயு அப்படியே இருந்தது. கார்பன் டை ஆக்சைடு துளியும் வரவில்லை.

அடுத்து ஹைட்ரஜன். ஒரு பங்கு ஹைட்ரஜனையும் ஒரு பங்கு பச்சை வாயுவையும் வினைபுரிய வைத்தால் மியூரியாட்டிக் அமில வாயு கிடைத்தது. பச்சை வாயுவில் ஆக்சிஜன் இருந்திருந்தால் அது ஹைட்ரஜனோடு சேர்ந்து தண்ணீர் உண்டாகியிருக்க வேண்டும். தண்ணீர் வரவில்லை.

அப்படியானால் பெர்தொலே பார்த்த ஆக்சிஜன் குமிழ்கள் எங்கிருந்து வந்தன? தண்ணீரிலிருந்துதான். பச்சை வாயு தண்ணீரில் இருந்த ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டது, ஆக்சிஜனை விட்டுவிட்டது. இதற்கு முன்னால் இந்த வாயுவிலிருந்து ஆக்சிஜன் வந்ததாகச் சொன்ன சோதனைகளை டேவி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். தண்ணீரோ, ஆக்சிஜன் உள்ள வேறு ஏதாவது பொருளோ எங்காவது உள்ளே இருந்தது. அந்த வாயுவிலிருந்து மட்டும் ஆக்சிஜன் வரவில்லை.

இத்தனைக்கும் பிரான்சில் கே-லுசாக், தெனார் இருவரும் 1809இலேயே கரியை வைத்துச் சோதித்து இதே முடிவைப் பார்த்திருந்தார்கள். இது ஒரு தனிமமாகவும் இருக்கலாம் என்று சொல்லவும் செய்தார்கள். ஆனால் பழைய கொள்கையை விட்டுவர மனம் வரவில்லை. ஆக்சிஜன் உள்ளே இருக்கிறது, பிரியத்தான் மறுக்கிறது என்ற விளக்கத்திலேயே நின்றுவிட்டார்கள். கதவு வரை வந்து தட்டாமல் திரும்பிய மாதிரி.

டேவி தட்டினார். 1810 ஜூலை 12ஆம் தேதி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். இந்த வாயுவை எதைக் கொண்டும் பிரிக்க முடியவில்லை, எனவே இதை ஒரு தனிமமாகத்தான் கருத வேண்டும். மியூரியாட்டிக் அமிலம் என்பது இந்த வாயுவும் ஹைட்ரஜனும் சேர்ந்தது. அதில் ஆக்சிஜன் கிடையாது என்பதே அவர் வாதத்தின் சாரம். ஆக்சிஜன் இல்லாமலும் அமிலம் இருக்க முடியும் என்றாகிவிட்டது. லவாய்சியரின் கொள்கையில் விழுந்த பெரிய ஓட்டை இது.

ஏன் நிறத்தை வைத்துப் பெயர்?

ஆக்சிஜனே இல்லாத பொருளை 'ஆக்சி' என்று தொடங்கும் பெயரால் எப்படி அழைப்பது? அது அமிலமும் இல்லை. பெயரின் முன்பாதியும் தப்பு, பின்பாதியும் தப்பு. 1810 நவம்பர் 15ஆம் தேதி வாசித்த அடுத்த கட்டுரையில் டேவி 'குளோரின்' என்ற புதிய பெயரை முன்வைத்தார்.

இங்கேதான் அவருடைய சாமர்த்தியம். தன் கண்டுபிடிப்பையே பெயராக்கி 'உப்புத் தனிமம்' என்கிற மாதிரி ஏதாவது வைத்திருக்கலாம். வைக்கவில்லை. பார்க்கிற எவருக்கும் தெரிகிற ஒரு தன்மையை, அந்த நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். இதில் அவர் சொன்ன காரணம் முக்கியமானது. நாளைக்கே யாராவது இந்த வாயுவை இன்னும் பிரித்துக் காட்டி, இது தனிமம் இல்லை என்று நிரூபித்தாலும் பெயரை மாற்ற வேண்டிய அவசியம் வராது. தன் முடிவே தவறாகலாம் என்று யோசித்து, அப்போதும் நிற்கக்கூடிய பெயராகத் தேர்ந்தெடுத்தார்.

முதல் பெயரில் ஃபுளோஜிஸ்டன் என்ற கொள்கை இருந்தது. கொள்கை விழுந்தது, பெயரும் விழுந்தது. இரண்டாவது பெயரில் ஆக்சிஜன் கொள்கை இருந்தது. அதற்கும் அதே கதி. மூன்றாவது பெயரில் கொள்கை எதுவும் இல்லை. 200 ஆண்டு தாண்டியும் அது நிற்கிறது.

ஆக்சிஜனின் நிலைமைதான் வேடிக்கை. 'அமிலத்தை உண்டாக்குவது' என்ற தவறான அர்த்தத்தோடு அந்தப் பெயர் இன்றும் உலகம் முழுக்கப் புழங்குகிறது. ஜெர்மன் மொழியில்கூட அதன் பெயர் 'புளிப்புப் பொருள்' என்ற அர்த்தம் தருவதுதான். தமிழில் வழங்கும் பிராணவாயு, உயிர்வளி ஆகிய சொற்கள் உயிர்மூச்சை வைத்து உருவானதால் அந்தத் தவறு நம்மிடம் ஒட்டவில்லை.

குளோரோஃபில்லில் குளோரின் இருக்கிறதா?

மாணவர்களுக்கு அடிக்கடி வரும் குழப்பம் இது. இலைகளுக்குப் பச்சை நிறம் தரும் பச்சையத்துக்கு ஆங்கிலப் பெயர் குளோரோஃபில். அதில் குளோரின் கிடையாது. 'குளோரோஸ்' என்றால் பச்சை, 'ஃபில்' என்றால் இலை. இரண்டு பெயருக்கும் தாய்ச்சொல் ஒன்று, பொருள் வேறு வேறு. பயிரின் இலை வெளிறி மஞ்சளாவதை 'குளோரோசிஸ்' என்பதும் இந்த நிறத்தை வைத்துத்தான்.

ஆனால் குளோரோஃபார்ம், குளோரைடு, குளோரேட் எல்லாம் நேரடியாகக் குளோரின் குடும்பம். அவற்றில் குளோரின் உண்டு. இன்னொரு சுவாரசியம்: பச்சைய மூலக்கூறின் நடுவில் இருப்பது மெக்னீசியம். அதை முதலில் பிரித்தெடுத்தவர் இதே டேவிதான்.

எதிர்ப்பும், பின்னால் வந்த 'இன்'களும்

புதிய பெயரை எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. 1811இல் ஜெர்மனியின் ஷ்வைகர் வேறொரு பெயரைச் சொன்னார்: 'ஹாலோஜன்', அதாவது 'உப்பை உண்டாக்குவது'. குளோரினுக்கென்று சொன்ன அந்தப் பெயர் அதற்கு நிலைக்கவில்லை. பின்னர் அதன் குடும்பம் முழுமைக்கும் பொதுப்பெயராகிவிட்டது. பாடப்புத்தகத்தில் 17ஆம் தொகுதியை ஹாலஜன்கள் என்று படிப்பது அதனால்தான்.

பெரிய எதிர்ப்பு ஸ்வீடனின் பெர்சீலியஸிடமிருந்து வந்தது. அன்றைய வேதியியலில் அவர் சொல்லுக்குத் தனி மதிப்பு. பத்து ஆண்டுக்கு மேல் அவர் பழைய கொள்கையை விடவில்லை. பிறகு ஒருநாள் அவர் வீட்டுச் சமையல்காரப் பெண் அன்னா பாத்திரம் கழுவும்போது, ஆக்சிமியூரியாட்டிக் அமில வாடை அடிக்கிறதே என்றாராம். இனிமேல் அப்படிச் சொல்லாதே, குளோரின் என்று சொல் என்று பெர்சீலியஸ் திருத்தினாராம். வேதியியல் வகுப்புகளில் சொல்லப்படும் பிரபலமான கதை இது.

அவர் மனம் மாறுவதற்குக் காரணமானவற்றில் ஒன்று அயோடின். 1811இல் பிரான்சின் கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலிலிருந்து எடுத்த பொருள் அது. 1813 கடைசியில் டேவி பாரிசுக்குப் போனபோது அதை ஆராய்ந்து, குளோரினைப் போலவே ஒரு தனிமம் என்று சொன்னார். கே-லுசாக்கும் அதே முடிவுக்கு வந்தார். அதன் ஆவி ஊதா நிறம். கிரேக்கத்தில் ஊதாவைக் குறிக்கும் சொல்லோடு, குளோரினில் இருக்கும் 'இன்' என்ற வாலை ஒட்டியதும் அயோடின் ஆனது. ஃபுளோரின் என்ற பெயரை டேவிக்கு எழுதித் தெரிவித்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி ஆம்பியர். 1826இல் வந்த புரோமினுக்கும் அதே வால்.

கண்ணைத் தாக்கிய சேர்மம், வாசலுக்கு வந்த ஃபாரடே

1812 டேவியின் வாழ்க்கையில் திருப்புமுனை ஆண்டு. ஏப்ரலில் சர் பட்டம் கிடைத்தது. மூன்றே நாளில் வசதியான விதவைப் பெண் ஜேன் ஆப்ரீஸுடன் கல்யாணம்.

அதே ஆண்டு நைட்ரஜன் ட்ரைகுளோரைடு என்ற குளோரின் சேர்மத்தோடு டேவி வேலை செய்தார். கொஞ்சம் அசைந்தாலும் வெடிக்கும் எண்ணெய் போன்ற திரவம் அது. அதைக் கண்டுபிடித்த பிரான்சின் துலோங் ஒரு கண்ணையும் விரல்களையும் இழந்திருந்தார். அது டேவியின் கையிலும் வெடித்தது. கண்ணில் காயம். கொஞ்ச நாள் எழுதக்கூட முடியவில்லை.

எழுதித் தர ஓர் ஆள் தேவைப்பட்டது. புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் டேவியின் உரைகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, அழகாக பைண்டிங் செய்து அனுப்பியிருந்தார். கொல்லரின் மகன், பெயர் மைக்கேல் ஃபாரடே. கொஞ்ச நாள் எழுத்து வேலை. பிறகு 1813 மார்ச்சில் ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வக உதவியாளர் வேலை.

அந்த அக்டோபரில் டேவி தம்பதி ஐரோப்பியப் பயணம் கிளம்பினார்கள். ஃபாரடேயும் உடன் போனார். அறிவியல் உதவியாளராக மட்டுமல்ல, பணியாளாகவும் இருக்க வேண்டியிருந்தது. ஜேன் அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். 1815இல்தான் திரும்பினார்கள்.

சுரங்கத் தொழிலாளியின் விளக்கு

1812 மே 25ஆம் தேதி இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு வெடித்து 92 பேர் இறந்தார்கள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோகும் சுடரே எமனாகிற நிலை. 1815இல் டேவியின் உதவியைக் கேட்டார்கள். சில மாதங்களில் வழி கண்டுபிடித்தார். சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பி வலை போட்டால், வலை வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். தீ வெளியே தாவாது.

அந்த விளக்குக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. எடுத்திருந்தால் பெரும் பணம் பார்த்திருக்கலாம். ஆனால் பெருமை யாருக்கு என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. ரயில் என்ஜினுக்குப் பேர்போன ஜார்ஜ் ஸ்டீபன்சனும் அதே காலத்தில் ஒரு விளக்கு செய்திருந்தார். முதலில் செய்தது யார் என்று கசப்பான சண்டை நடந்தது.

மீண்டும் குளோரின், இம்முறை சண்டை

1820இல் டேவி ராயல் சொசைட்டியின் தலைவரானார். கார்ன்வால் மரச்சிற்பியின் மகன், நியூட்டன் அமர்ந்த நாற்காலியில்.

ஈரமான குளோரினைக் குளிரவைத்தால் மஞ்சள் படிகங்கள் உண்டாகும். அது சுத்தமான குளோரின் என்று நினைத்திருந்தார்கள். குளோரினும் தண்ணீரும் சேர்ந்தது என்று டேவி முன்பே காட்டியிருந்தார். 1823இல் ஃபாரடே அந்தப் படிகத்தை ஆராய்ந்தார். மூடி அடைத்த கண்ணாடிக் குழாயில் வைத்துச் சூடாக்கிப் பார்க்கும்படி டேவி யோசனை சொன்னார். ஃபாரடே செய்தார். குழாயில் மஞ்சள் நிற எண்ணெய் போல ஒன்று திரண்டது. அது திரவமாகிவிட்ட குளோரின்.

ஃபாரடேயின் கட்டுரை வெளியானபோது, யோசனை தன்னுடையது என்று டேவி அதில் ஒரு குறிப்பைச் சேர்த்தார். அதே ஆண்டு ஃபாரடேயை ராயல் சொசைட்டி உறுப்பினராக்க மற்றவர்கள் முன்மொழிந்தார்கள். தலைவரான டேவி அதை எதிர்த்தார். முன்மொழிவைத் திரும்பப் பெறச் சொன்னார். ஃபாரடே மசியவில்லை. 1824 ஜனவரியில் தேர்வானார்.

1810இல் லவாய்சியரின் பெயருக்குப் பயப்படாமல் உண்மையைப் பேசியவர், தானே பெரிய பெயரானபோது அடுத்த தலைமுறைக்கு வழிவிடத் தயங்கினார். அதே சமயம், 1825இல் ஃபாரடேயை ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வக இயக்குநராக்கப் பரிந்துரைத்ததும் டேவிதான்.

ஜெனீவாவில் முடிந்த பயணம்

கடைசி ஆண்டுகள் நன்றாக இல்லை. போர்க்கப்பல்களின் செப்புத் தகடுகள் கடல்நீரில் அரிக்கப்படாமல் இருக்க டேவி சொன்ன வழி, அரிப்பைத் தடுத்தது. ஆனால் தகட்டில் பாசியும் சிப்பியும் மண்டிக் கப்பலின் வேகத்தைக் குறைத்தன. திட்டம் கைவிடப்பட்டது. 1826இல் அம்மா காலமானார். அந்த ஆண்டின் இறுதியில் டேவிக்குப் பக்கவாதம். 1827இல் தலைவர் பதவியை விட்டார். உடல்நலம் தேடி ஐரோப்பாவில் அலைந்தார். கையில் தூண்டில் மட்டும் மாறவில்லை. மீன்பிடித்தல் பற்றி ஒரு நூலே எழுதினார். 1829 மே 29ஆம் தேதி ஜெனீவாவில் இறந்தார். வயது 50. அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

குளோரின் அதற்குப் பிறகு நல்லதுக்கும் பயன்பட்டது, கெட்டதுக்கும் பயன்பட்டது. 1905இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் டைபாய்டு பரவியபோது குடிநீரில் குளோரின் சேர்மத்தைத் தொடர்ந்து கலந்தார்கள். 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியும் தொடங்கியது. 1915 ஏப்ரல் 22ஆம் தேதி பெல்ஜியத்தின் ஈப்ரே போர்முனையில் அதே பச்சை வாயுவை ஜெர்மன் படை ஆயுதமாகத் திறந்துவிட்டது.

டேவி வைத்த பெயர் மட்டும் மாறவில்லை. அதன் வாலும் அறுபடவில்லை. 1940இல் செயற்கையாக உருவாக்கிய ஹாலஜன் தனிமத்துக்கு அஸ்டாடின் என்று பெயர். 117ஆம் தனிமத்துக்கு 2016இல் பெயர் வைத்தபோது, அதுவும் இந்தத் தொகுதி என்பதால் டென்னசின் என்றே முடித்தார்கள். இனி இந்தத் தொகுதியில் வரும் புதிய தனிமத்துக்கும் ஆங்கிலத்தில் 'இன்' என்றுதான் பெயர் முடிய வேண்டும் என்பது சர்வதேச வேதியியல் அமைப்பின் விதி.